காதுமடலில் சந்தனம்

வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்குப் பரிமாற்றத்தில் போன வெண்கல அம்மன் இரண்டு ஆண்டு கழித்துப் பளபளவென்று திரும்பியிருந்தாள். போகும்போது எடுத்த படத்தோடு ஒவ்வோர் அங்கமாக ஒப்பிட்டுவந்த காப்பாட்சியர் செண்பகவல்லி, காதருகே நின்றுவிட்டாள். மடலின் மடிப்பில் காய்ந்திருந்த சந்தனத்தைக் காணோம்.

"அழுக்குன்னு தொடச்சிருப்பாங்க. படிவத்துல கையெழுத்தப் போடுங்கம்மா, கூட வந்த அதிகாரி காத்திட்டிருக்கார்," என்றார் இயக்குநர்.

"கோயில்ல கடைசியா பூஜை நடந்தன்னிக்கு வெச்ச சந்தனம் சார். அது வராம போட மாட்டேன்."

சிலையோடு வந்திருந்த வெளிநாட்டு அதிகாரியிடம் படத்தை நீட்டி, கையுறை விரலால் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் பெட்டியிலிருந்து, ஆய்வுக்கென்று எண் ஒட்டி வைத்திருந்த சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியில் மஞ்சள் துகள்.

செண்பகவல்லி படிவத்தை இழுத்தாள். திரும்பி வந்தவை என்ற இடத்தில் 'ஒன்று' என்றிருந்ததை அடித்து, 'இரண்டு' என்று எழுதினாள்.