தொழும் திசைக்கு முதுகு

முதுகுவலிக்கு டாக்டர் சொன்ன யோகாவை, தாழ்ப்பாள் சரியாக விழாத ஸ்டோர் ரூமில் திருட்டுத்தனமாகச் செய்கிறேன். முழங்காலை மடக்கி நெற்றியைத் தரையில் வைத்த நேரம் பார்த்துக் கதவு கிறீச்சிடுகிறது. மாமியார். போன வாரம்தான், "அதெல்லாம் நம்ம மார்க்கத்துக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னவர். அவர் நிழல் என் ரப்பர் விரிப்பின் மேல் வந்து நிற்கிறது. நிமிர்ந்தால் தொலைந்தேன். தொழுவதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று அசையாமல் கிடக்கிறேன். அப்போதுதான் உறைக்கிறது: தொழும் திசை என் முதுகுப் பக்கம். அல்லாஹ்வே, காப்பாற்று என்கிறேன். இந்த வருடத்தில் நான் மனசாரத் தொழுதது இப்போதுதான். மாமியின் முட்டி சொடுக்குகிறது. மூச்சு என் காதருகே வருகிறது. "திசை தப்பினாலும் கேக்குறவனுக்குக் கேக்கும். என் முட்டிக்கும் சேத்துக் கேளும்மா." கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது. எனக்கு இன்னும் நிமிரப் பயமாக இருக்கிறது.