மூணு மிளகாய்

"இவளுக்கு மூணு மிளகாய் போட்ட நூடுல்ஸ் கொண்டு வாங்க"ன்னான் என் தங்கச்சி புருஷன்.

அந்த ஓட்டல் மெனு கார்டுல ஒவ்வொரு அயிட்டத்துக்குப் பக்கத்துலயும் மிளகாய்ப் படம் போட்டிருந்தது. ஒண்ணுன்னா லேசான காரம். மூணுன்னா வாய் வெந்துடும்.

"தம்பி, அவளுக்குக் காரமே ஆகாதே! மிளகு கடிபட்டாலே துள்ளிக் குதிப்பா"ன்னேன்.

"பழகிக்கட்டும்க்கா."

திமிரைப் பாத்தீங்களா? அதோட விட்டானா? "கிச்சன்ல சொல்லிட்டு வந்துடறேன். இல்லன்னா குறைச்சுப் போட்டுடுவாங்க"ன்னு எழுந்து உள்ளேயே போயிட்டான்.

அன்னிக்கு அவன் அம்மாவுக்குப் பிறந்த நாள். ஏசியன் ஃப்யூஷன் ஓட்டலாம். நாலு நாட்டுச் சாப்பாட்டை ஒண்ணாப் போட்டுக் குழப்பினா ஃப்யூஷன். அதையே நான் பண்ணினா என் வீட்டுல மிச்சம் மீதின்னு சொல்வாங்க. தட்டு தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது. சாப்பாட்டைத்தான் தேட வேண்டியிருந்தது.

எங்களுக்கு அம்மா இல்லை. பொண்ணு வீட்டு சார்புல வந்தேன்னு பேரு. நிஜத்துல தங்கச்சியைப் பாக்கத்தான் வந்தேன்.

போன மாசம், ஏழாம் மாசத்துல, அவ குழந்தை வயித்துக்குள்ளேயே இறந்துபோச்சு. அன்னிலேருந்து அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. எங்கே விட்டாங்க? 'அழுதா அடுத்தது தங்காது'ன்னு மாமியார் உத்தரவு. இப்போ கூப்பிட்டாக்கூட கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்பறா. இவ இப்படியே கல்லாப் போயிடுவாளோன்னு எனக்குப் பயம்.

ஓட்டல் வாசல்லயே மாமியார் மறுபடி ஆரம்பிச்சாங்க. "நல்ல நாளும் அதுவுமா யாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. கண்ணைக் கசக்கற வேலையே வேண்டாம்."

"சரிம்மா"ன்னு தலையாட்டினான் பிள்ளை. அம்மா கிழிச்ச கோட்டைத் தாண்டாத உத்தமன்! கட்டினவ தவிக்கிறது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

நூடுல்ஸ் வந்தது. செக்கச்செவேல்னு இருந்தது.

"பாத்தாலே நெஞ்சு எரியுதுடா"ன்னாங்க மாமியார்.

"உனக்கு வேண்டாம்மா. அவளுக்கு மட்டும்தான்."

"இங்கே குடுங்க தம்பி, நான் சாப்பிட்டுக்கறேன். அவ என்னோடதைச் சாப்பிடட்டும்"னு கையை நீட்டினேன்.

வெடுக்குன்னு தட்டை நகர்த்தினான். "விடுங்கக்கா. என் பொண்டாட்டிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்."

பெரிசாத் தெரிஞ்சு கிழிச்சான்.

தங்கச்சி ஒரு வாய் சாப்பிட்டா. சட்டுன்னு நிறுத்திட்டு அவனையே பாத்தா.

"காரம் அதிகமா?"ன்னு கேட்டான்.

அவ உதடு துடிச்சுது. "ரொம்ப"ன்னா.

"பரவாயில்ல. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும். நீ சாப்பிடு."

பொலபொலன்னு கொட்டிச்சு. மொதல்ல சத்தமே இல்லை. அப்புறம் விக்கி விக்கி அழுதா. பக்கத்து மேஜைக்காரங்க திரும்பிப் பாத்தாங்க.

"காரத்துக்குப் போயா இப்படி? சின்னக் குழந்தையாட்டம்!"னு மாமியார் சிரிச்சாங்க.

அதைக் கேட்டதும் தோள் குலுங்கக் குலுங்க அழுதா. அவன் அவ முதுகைத் தடவிக்கிட்டே, "இன்னும் ஒரு வாய்"ன்னு ஊட்டி விட்டான்.

"அவளுக்குத் தண்ணியாவது குடுங்களேன்!"

"தண்ணி குடிச்சா அடங்கிடும்க்கா. இன்னும் கொஞ்சம் சாப்பிடட்டும்."

அவ்வளவுதான், என் பொறுமை போச்சு. "நீயெல்லாம் மனுஷனா? இதை எவனாவது திம்பானான்னு நானே பாக்கறேன்!"னு தட்டைப் பிடுங்கி ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

இனிச்சுது. தக்காளியும் சர்க்கரையும்தான். பேருக்குக்கூட ஒரு மிளகாய் இல்லை.

நிமிர்ந்தேன். சொல்லிடாதீங்கன்னு அவன் கண்ணு என்னைக் கெஞ்சிச்சு.

"என்ன, அவ்வளவு காரமா?"ன்னு மாமியார் கேட்டாங்க.

"ஐயோ, உயிரே போகுது!"ன்னு தங்கச்சியைக் கட்டிக்கிட்டு நானும் அழ ஆரம்பிச்சேன்.