ஆற்றங்கரையில் ஒரு பரீட்சை

"இந்தக் கொக்கி சரியில்ல. கழட்டிட்டு மறுபடி மாட்டு."

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி எத்தனை பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியிருப்பார் என்று அவளுக்குக் கணக்கே விட்டுப்போயிற்று. கரையில் வரிசையாக நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கொக்கியையும் அவள் வந்தவுடனேயே இழுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றில்கூடக் குறையில்லை.

சுற்றுச்சூழல் அறிவியலும் திறந்தவெளிக் கல்வியும் சேர்ந்த பட்டப்படிப்பு அவளுடையது. இன்று கடைசிப் பரீட்சை. ஒரு வகுப்பை ஆற்றுக்குக் கூட்டி வந்து, பத்திரமாகப் படகில் ஏற்றி, தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்ன தொல்லை வந்தாலும் அவளேதான் சமாளிக்க வேண்டும் என்பதால், பேராசிரியை மரத்தடியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இடத்தை மாணவியே தேர்ந்தெடுக்கலாம். அவள் தொழிற்சாலையின் கழிவுக் குழாய்க்கு நேர் எதிரே தேர்ந்தெடுத்தாள். வேண்டுமென்றேதான்.

அந்தப் பாதுகாப்பு அதிகாரி அவளைப் பெற்ற அப்பா. அதற்காக இடத்தை மாற்ற அவள் தயாராக இல்லை.

"அப்பா, போதும். எல்லாத்தையும் நான் பாத்துட்டேன்."

"இங்க அப்பா கிப்பா எல்லாம் கிடையாது, மேடம். நான் டியூட்டில இருக்கேன்."

பக்கத்தில் நின்ற காவலாளி பல்லைக் காட்டினான்.

இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலேயே, "காடுமேடு சுத்துறதுக்கு ஒரு பட்டமா?" என்று கேட்டவர்தான் அவர். நேற்றுச் சாப்பிடும்போது, எந்த இடத்துக்குப் போகிறாய் என்று விசாரித்தார். சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். "அவர் வேலைக்கு உலை வச்சிடாதடி," என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த அங்கிள்தான் உங்களுக்கு மார்க் போடுறவரா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"இல்லடா செல்லம். மார்க்கைக் குறைக்கிறவர்."

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துடுப்பை வாங்கித் தட்டிப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை முகர்ந்தார். யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்டு, கை தூக்கியவர்களிடம் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கதை கேட்டார்.

எதிரே குழாயிலிருந்து தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஆற்றின் போக்கில் கொஞ்ச தூரம் போனால் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். சோதிக்க வந்த அதிகாரிகள் எல்லோரும் இந்தப் பளிங்குத் தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவர்கள்தான். கண்ணை ஏமாற்றுவது சோதனையில் மாட்டாமலா போகும் என்று நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

அப்பாவின் போன் அடித்தது.

"ஆமா சார். நிறுத்தி வச்சிருக்கேன் சார். ஒரு பிள்ளைகூட தண்ணியைத் தொடல. இங்க நான் பாத்துக்கறேன், நீங்க எப்பவும் போல உங்க வேலையைப் பாருங்க."

அவளுக்கு உச்சி வரைக்கும் சுட்டது. பிள்ளைகளை மரத்தடிக்குப் போகச் சொன்னாள். சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு படகை நோக்கி நடந்தாள்.

"நான் மட்டும் போறேன். முடிஞ்சா தடுத்துப் பாருங்க. ஆறு ஒண்ணும் உங்க கம்பெனி விலைக்கு வாங்கினது இல்ல."

"நான் எங்க தடுத்தேன்? பாதுகாப்பாப் போகணும்னு பாக்குறேன்," என்றபடி அப்பா படகுக் கயிற்றின் மேல் பூட்ஸ் காலை வைத்தார். "இந்த முடிச்சு யாரு போட்டது?"

"நான்தான்."

"அவுத்துட்டு மறுபடி போடுங்க, மேடம்."

அவிழ்த்தாள். மறுபடி போட்டாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ம்ஹூம். இன்னொரு தடவை."

தொழிற்சாலையில் சங்கு ஊதியது.

"ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு சார். நான் கிளம்பட்டுமா?" என்றான் காவலாளி.

"நீ போப்பா. இவங்களுக்கு நான் ஒருத்தன் போதும்."

காவலாளி தொழிற்சாலை மதில் மூலையில் திரும்பி மறைந்தான். அவள் துடுப்பைத் தரையில் ஓங்கி ஊன்றினாள்.

"காலை எடுங்கப்பா. நான் பெயிலானாலும் பரவாயில்ல, நீங்க வீட்டை விட்டுத் துரத்தினாலும் பரவாயில்ல. இந்தத் தண்ணியை எடுக்காம இங்கேயிருந்து நகரமாட்டேன்."

அப்பா காலை எடுக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய்க்குள் ஏதோ உறுமியது. பளிங்குத் தண்ணீர் ஒரு கணம் நின்றது. பிறகு கறுத்த செம்மண் நிறத்தில், நுரைத்துக்கொண்டு, குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்தது. மரத்தடியில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பேராசிரியை எழுந்து நின்றுவிட்டார்.

அப்பா கயிற்றிலிருந்து காலை எடுத்தார். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்ப மொண்டுக்கோ, பாப்பா."