ஐந்து ஸ்மூதி

"அஞ்சுமா ஐயா?" என்று கவுண்டரில் நின்ற நளீரா மறுபடியும் கேட்டாள்.

"அஞ்சும்" என்றார் ஜெயராசா.

அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாம்பழம், பப்பாசி, அன்னாசி, பேஷன்புரூட், ஸ்ட்ரோபெரி. ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். இரண்டு பேர் வந்து ஐந்தையும் கேட்டது இதுதான் முதல் தடவை.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த பாஸ்ட்ஃபுட் கடை திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தெமோதரைத் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் விசாலாட்சி பஸ் ஜன்னல் வழியாக அதன் கண்ணாடிக் கதவைப் பார்ப்பாள். ஒருநாள், "அந்தப் படத்துல ரோசா நெறத்துல இருக்கே, அது என்னாங்க?" என்று கேட்டாள். ஜெயராசாவுக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு அவளை வாசலில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய் விசாரித்தார். பழத்தோடு பாலும் ஐசும் போட்டு அடிப்பது, பெயர் ஸ்மூதி என்று நளீரா சொன்னாள். மென்று தின்ன வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகே மனைவியைக் கூப்பிட்டார்.

விசாலாட்சி ஜன்னலோரமாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். காலடியில் துணிப்பை. அதில் இரண்டு கவுன், ஒரு பெட்ஷீட், சவர்க்காரம், 2006 என்று முத்திரை குத்திய கிளினிக் அட்டை. நாலு மணிக்குள் வார்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஐந்து கிளாசும் வந்தன. மேசையில் வேறு எதற்கும் இடமில்லை.

"எனக்கு எதுக்கு இத்தன?"

"ஒவ்வொண்ணா குடிச்சிப் பாரு."

"நீங்க?"

"நீ மொதல்ல பாரு."

எட்டு மாதமாக அவள் நாக்கின் இடது பக்கம் ஒரு புண். முதலில் வெற்றிலையை விட்டாள், பிறகு மிளகாயை, பிறகு ரொட்டியை. இப்போது கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். ஸ்ட்ராவை வாயின் வலது ஓரத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக உறிஞ்சினாள்.

"மாம்பழந்தான். ஆனா நாரே இல்ல."

பப்பாசியைக் குடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இது நம்ம லயத்து வீட்டுப் பின்னாடி காய்ச்சிக் கெடக்குறது."

அன்னாசியில் கண் நிறைந்தது. கிளாசைத் தள்ளி வைத்தாள். சற்றுப் பொறுத்து அதையே மறுபடி எடுத்தாள். "எரியுது. ஆனா விட மனசு வரல."

பேஷன்புரூட் விதைகளை நாக்கு நுனியால் ஒதுக்கி ஒதுக்கிக் குடித்தாள்.

ஸ்ட்ரோபெரியை அவள் வாழ்நாளில் தின்றதில்லை. ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் விழுங்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"எது மாதிரின்னு சொல்றதுன்னு தெரியலங்க."

மேசையைத் துடைக்க வந்த நளீரா, "இன்னைக்கு ஏதும் விசேஷமா?" என்று கேட்டாள். ஜெயராசா ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

போன தடவை டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டிருந்தார். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு நர்ஸ் தமிழில் சொன்னாள். நாக்கை எடுக்க வேண்டும், முழுதாகவே. எடுத்தால் உயிர் தங்கும். பேச்சு இருக்காது, ருசியும் தெரியாது.

வெளியே வந்தவர், புண்ணை மட்டும் வெட்டி எடுப்பார்களாம் என்று மனைவியிடம் சொன்னார். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். தேயிலை பெக்டரியில் மெஷின் முன்னால் நிற்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் வாய் வராது. இன்றைக்கு வரும்போது பஸ்சில்கூடச் சொல்லிவிட நினைத்தார். கடைசியில் அவரால் முடிந்தது, இந்தக் கடையைக் காட்டி இறங்கியதுதான்.

விசாலாட்சி ஸ்ட்ராவை எடுத்து வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ஜெயராசா" என்றாள்.

பின்னால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஏங்க, இந்தாங்க என்பாள். அக்கம்பக்கத்தில் பேசும்போது எங்க ஊட்டுக்காரரு என்பாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் புருஷன் பெயரைக் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதே இல்லை.

"என்னா?" என்றார்.

"சும்மா. கூப்புட்டுப் பாத்தேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கிளாசுகளைப் பார்த்தபடி சொன்னாள்: "அன்னைக்கு டாக்டரு ஒங்கள உள்ள கூப்புட்டப்ப, பெஞ்சில எம்பக்கத்துல பசறையிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தாங்க. அவங்களுக்கும் இதே புண்ணுதான் இருந்துச்சாம், ஆப்பரேசன் முடிஞ்சிருச்சாம், கூட வந்த மக சொல்லுச்சி. அவங்க ஒண்ணும் பேசல. வாயத் தொறந்து காட்டுனாங்க."

ஜெயராசா தேயிலைக் கறை படிந்த விரல்களால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எதிரே பஸ் ஒன்று புறப்பட்டது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

"இன்னொரு தடவ கூப்புடு" என்றார்.