மேடத்துக்குச் சுடுதண்ணி

“ஹில்மி, அவசரமா ஒரு பிளக் குடு தம்பி. மேடம் குளிக்கணும்!”

மழையில் நனைந்தபடி கடைக்குள் ஓடி வந்தார் ரெஜினோல்ட். பலாங்கொடை டவுனைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில்தான் ஹில்மியின் தேத்தண்ணிக் கடை. வாசலில் ரெஜினோல்டின் வண்டி நின்றது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காக அதில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுவதுதான் அவர் தொழில்.

“மேடம் எப்ப வந்தாங்க அண்ணே?”

“இன்னக்கி விடியத்தான் கட்டுநாயக்க ஏர்போட்டுல எறங்கினாங்க. நேரா தோட்டத்துக்குப் போறோம். மேல பைப்புல வர்ற தண்ணி ஐஸ். அங்க போறதுக்கு முந்தி அவங்க நல்லா ஒரு குளியல் போடணும்.”

ஹில்மி அண்ணாந்து வண்டிக் கூரையைப் பார்த்தான். “மேல சோலார் பூட்டியிருக்கே?”

“எஹலியகொடையில இருந்தே மழ. வெயில் இல்லாம அது என்னத்தச் சுட வைக்கும்?”

“வண்டி ஓடுற நேரம் எஞ்சின் சூட்டுல தண்ணி சுடும்னு சொன்னீங்களே?”

“சுட்டிச்சு. டவுனுக்குக் கிட்ட மரம் விழுந்து ரொம்ப நேரம் ரோட்டு அடைபட்டுப் போச்சு. அப்பவே குளிச்சிருக்கலாம். ஆனா மேடம் அசந்து தூங்கிட்டாங்க. எழுப்ப எனக்கு மனசு வரல. அதுக்குள்ள ஆறிப்போச்சு.”

வயரை இழுத்து வந்து கடை பிளக்கில் சொருகினார். வண்டிக்குள் ஹீட்டரின் சிவப்பு லைட் எரிந்தது. ரெஜினோல்ட் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போனது. கடை இருண்டுவிட்டது. எதிர்க்கடையும் இருண்டுவிட்டது.

“கரண்ட் போயிட்டு! இந்த மழைக்கு இப்ப வராது அண்ணே.” ஹில்மிக்கே பாவமாக இருந்தது. “கேஸ் அடுப்பு இருக்கு. ரெண்டு வாளி கொதிக்க வச்சுத் தாறேன். தூக்கிட்டுப் போய்க் குடுங்க.”

“ஐயோ வேணாம்! வாளியே அவங்க கண்ணுல படக்கூடாது. பைப்பத் திருப்பினா சுடுதண்ணி தானா கொட்டணும்.”

“அவ்வளவு கெடுபிடியா அந்தம்மா?”

“சேச்சே! பச்சத்தண்ணியே போதும்னு சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல.”

மலைக்கு ஏறும் ரோட்டை அண்ணாந்து பார்த்த ரெஜினோல்ட், சட்டென்று ஸ்டியரிங் பக்கம் ஓடினார். “நீயும் ஏறு தம்பி, மலை ஏறிட்டு வருவோம்!”

ஹில்மி கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஏறிக்கொண்டான். சீட்டுக்குப் பின்னால் தடித்த திரை தொங்கியது. உள்ளே மேடம் இருந்த அரவமே இல்லை.

“சும்மா நிப்பாட்டி வச்சு எஞ்சின ஓடவிட்டா தண்ணி லேசாத்தான் சுடும்,” என்றார் ரெஜினோல்ட் தாழ்ந்த குரலில். “ஏத்தத்துல இழுத்தாத்தான் எஞ்சினுக்கு நல்லா சூடேறும். அந்தச் சூட்டுத் தண்ணி ஒரு செம்புக் குழாய் வழியா டேங்குக்குள்ள சுத்தி வரும். டேங்குத் தண்ணியும் சுட்டிரும்.”

வண்டி முக்கி முனகிக்கொண்டு வளைவுக்கு வளைவு ஏறியது. இரண்டு பக்கமும் தேயிலை, மேலே பனி மூட்டம். ரெஜினோல்ட் ரோட்டையும் டேங்க் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மீட்டர் முள் மெல்ல மெல்ல நகர்ந்தது.

மனுசன் மலையையே விறகாக்கிட்டாரே! ஹில்மி மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

உச்சியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, திரைக்கு இந்தப் பக்கமிருந்தே மெதுவாகத் தட்டினார் ரெஜினோல்ட். “தண்ணி ரெடி. ஆறுதலா குளிங்க.”

இரண்டு பேரும் இறங்கி ஒரே குடைக்குள் நின்றார்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சின்ன ஜன்னல் வழியாக ஆவி பறந்தது. ரெஜினோல்ட் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார், சாமி கும்பிடுகிறவர் மாதிரி.

“இவ்வளவு நேரம் ஊத்துறாங்களே, தண்ணி முடிஞ்சிராதா?”

“முடியட்டும் தம்பி.”

“உங்களுக்குக் கம்பெனி மெடல்தான் குடுக்கணும். வர்ற ஆள இப்படித் தாங்குற டிரைவர நான் கண்டதே இல்ல.”

ரெஜினோல்ட் குனிந்து சிரித்துக்கொண்டார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. வண்டிக் கதவு திறந்தது. ‘குட் ஈவினிங் மேடம்’ என்று சொல்ல ஹில்மி தொண்டையைச் செருமினான்.

படியில், ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, பூப்போட்ட கவுனோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். அழுது சிவந்த கண்கள் சிரித்தன.

“ஏங்க... டேங்க்ல ஒரு சொட்டுத் தண்ணிகூட மிச்சம் வைக்கலங்க!”

ஹில்மி ரெஜினோல்டைத் திரும்பிப் பார்த்தான்.

“ஸ்டெபானி, என் வீட்டுக்காரி,” என்று ரெஜினோல்ட் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். “படுக்கையில கெடந்த ஒரு மேடத்துக்குக் குவைத்துல இத்தன வருசமா வாளி வாளியா சுடுதண்ணி தூக்கினவ, ஹில்மி. மொதலாளிகிட்ட இன்னக்கி ஒரு நாளைக்கு வண்டியக் கேட்டு வாங்கினேன். இன்னக்கி இவதான் மேடம்.”