எருமை அத்தை கலக்கிய குளம்

ஒரு குளத்தில் ஒரு கெண்டை மீன் இருந்தது. அதற்குச் சுத்தம் என்றால் உயிர். ஆனால் மத்தியானமானால் எருமை வந்து விழுந்து புரளும். தண்ணீரெல்லாம் சேறாகிவிடும்.

"அத்தை, நீ குளிக்க வர்றியா, எங்களைக் குழம்பு வைக்க வர்றியா?" என்று ஒருநாள் கெண்டை கேட்டேவிட்டது. எருமைக்கு ரோஷம் வந்து பக்கத்துக் குட்டைக்குப் போய்விட்டது.

குளம் கண்ணாடியாய்த் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து, வாய்க்கால் வழியே எங்கிருந்தோ ஓர் ஆகாயத்தாமரை ஊதாப்பூ வைத்துக்கொண்டு மிதந்து வந்தது.

"ஓரமா ஒதுங்கிக்கிறேன் தம்பி. சேறு கலக்கவே மாட்டேன்."

"நீதான் லட்சணமான விருந்தாளி!" என்று கெண்டை பூரித்துப்போனது.

ஒன்று பத்தாகி, பத்து பெருகி, குளத்தையே பாயாய் மூடிவிட்டது. வெயில் உள்ளே இறங்கவில்லை. பாசி செத்தது. கெண்டைக்கு மூச்சு முட்டியது.

"கொஞ்சம் தள்ளிக்கோயேன்!"

"நான் ஓரமாத்தான் இருக்கேன் தம்பி. பிள்ளைங்கதான் கொஞ்சம் அதிகம்."

கெண்டை இலை இடுக்கில் வாயை நீட்டிக் கத்தியது: "அத்தை! குழம்பே வை அத்தை, வந்துடு!"

எருமை அசைபோட்டபடி கரைக்கு வந்தது. "சேறாகுமேடா?"

"ஆகட்டும் அத்தை!"

தொபுக்கடீர்! இலை கிழிந்தது, வேர் அறுந்தது, பாதிச் செடி எருமையின் வயிற்றுக்குள் போனது. கொம்பெல்லாம் ஊதாப்பூவோடு கல்யாணப்பெண் மாதிரி நின்றது எருமை. சேற்றுத் தண்ணீருக்குள் வெயில் மஞ்சளாய் இறங்கியது.

இப்போதெல்லாம் எருமை வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், கெண்டை துள்ளித் துள்ளிக் கரையைப் பார்க்கிறது: "அத்தையைக் காணோமே! ஐயோ, தண்ணி தெளிஞ்சுபோச்சே!"