ரொவீனாவின் துப்பாக்கி

"துப்பாக்கியை வேகவைக்க என் சூப் பாத்திரம்தான் கிடைச்சுதா உனக்கு?"

மேவிஸ் கத்தியது புருஷன் ஓரினுக்கு உறைக்கவில்லை. மரப்பிடி கழற்றிய பழைய கைத்துப்பாக்கியைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியால் தூக்கி, ஆவி பறக்கப் பறக்க உற்றுப் பார்த்தான்.

"பழைய எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போகணும், கண்ணு."

"நேத்து என் ஹேர் டிரையரை எடுத்துட்டுப் போனே. இன்னிக்குப் பாத்திரம். நாளைக்கு என் கம்பளியைக் கேப்பியா, அதுக்குக் குளிருதுன்னு?"

அவன் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பான்.

அது வேலிக்கு அந்தப் பக்கத்து ரொவீனாவின் துப்பாக்கி. போன மான் வேட்டைக் காலத்தில் அவள் புருஷன் கிளைட் மாரடைப்பில் போனபோது, ஊரே அவள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பியது. மேவிஸும் அனுப்பினாள், மனதார. பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் ரொவீனா வந்தாள். "கிளைட்டோட துப்பாக்கி துருப்பிடிச்சுக் கெடக்கு ஓரின். புதுசாக்கித் தருவியா?" என்றாள். பிறகு கார் ஷெட் வாசலில் நின்று இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசினார்கள். பேசும்போது அவள் கை அவன் கையைப் பிடித்திருந்தது. மெலிந்த, வெளுத்த கை. மேவிஸின் கையோ கன்று இழுத்தும் விறகு பிளந்தும் ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து ஓரின் ஓரினாக இல்லை. மர ஆலையிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குள் போய்விடுவான். பழைய நீலப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். பிறகு இன்னும் நைசான தாள். பிறகு இரும்பு நார். துப்பாக்கி வெள்ளி மாதிரி மின்னியது. இனித் தேய்க்க ஒன்றுமில்லை என்று மேவிஸுக்கே தெரிந்தது. அவன் விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், சில நேரம் தேய்க்காமல் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

என்னை இப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு?

இந்த வயதில் ஓர் இரும்புத் துண்டின் மேல் பொறாமை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்படுவதால் பொறாமை குறைவதில்லை என்பதை அவள் அந்த நாட்களில் கண்டுகொண்டாள். அது வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

"நேத்து மான்கறி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ம்... நல்லாருந்துச்சு."

"நேத்து மீன்."

ஓரின் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. துப்பாக்கியை ஸ்பிரிட்டால் துடைத்து, மேஜையில் சுத்தமான துணியை விரித்து அதன்மேல் வைத்தான்.

"வெறுங்கையால இதைத் தொட்டுடாதே. கையில இருக்கிற பிசுக்குப் பட்டா, துருப்பிடிக்காம இருக்கப் பூசுற நீலம் அந்த எடத்துல ஏறாது, தடம் அப்படியே நின்னுடும்" என்று சொல்லிவிட்டு, கையுறை எடுக்க மாடிக்குப் போனான்.

மேவிஸ் சோள ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். விசைக்கு மேலே, அகலமான பக்கத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். முத்திரை குத்துகிற மாதிரி. பிறகு ரொட்டியிடம் திரும்பிக்கொண்டாள்.

ஓரின் வந்து துப்பாக்கியை ஷெட்டுக்கு எடுத்துப் போனான். வசவு வரும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது விசில் சத்தம்.

சாப்பாட்டில் இரண்டாம் முறை ரொட்டி கேட்டு வாங்கினான்.

"நல்லா வந்துச்சா?" என்றாள்.

"இதைவிட நல்லா வராது, கண்ணு."

அவ்வளவு பெரிய தடத்தைப் பார்க்காமலா இருந்திருப்பான்? பார்த்தும் தெரியவில்லை என்றால், இந்த ஆள் ரொவீனா பக்கம் எவ்வளவு தூரம் சாய்ந்துவிட்டான்!

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், ஹக்கிள்பெரி ஜாமோடு ரொவீனா வந்தாள். மேவிஸ் நகரவில்லை. அந்த முகம் சுருங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ரொவீனா துணியைப் பிரித்து, துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். மையைப் போல் இறங்கியிருந்த நீலத்தின் நடுவில், கோடு கோடாக, வெளிறிய ஒரு கட்டைவிரல் ரேகை.

அவள் குனிந்து அந்த ரேகையை முத்தமிட்டாள்.

"மேவிஸ், கிளைட் தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடிக்கும், ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு வேர்வை அவனுக்கு. கடைசியா இதைத் தொட்டப்போ துருவாப் பதிஞ்ச விரலு இது. எல்லாத்தையும் புதுசாக்கு, இதை மட்டும் தேச்சுடாதேன்னு அன்னிக்கு ஓரின் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். துருவை மட்டும் எடுத்துட்டு ரேகையை அப்படியே காப்பாத்திட்டான், பாரேன்!"

அவள் போனதும் ஓரின் மேவிஸின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"பழக்கதோஷத்துல மொத நாளே கிளைட் ரேகையைத் தேச்சு அழிச்சுட்டேன், கண்ணு" என்றான். "அவ மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு தெரியாமதான் இத்தனை நாளா ஷெட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன்."